ஹஜ்ஜா வீட்டுக் குளியலறை

போன் அடித்தபோது கவ்ஸர் ஸ்முஹா பகுதியில் ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறைத் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். சுவரில் தொங்கவிட்ட கம்மோடுக்கும் தரைக்கும் நடுவே தரை துடைக்கும் கட்டை தாராளமாகப் போய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போய் வந்தது. ஒரு கையால் கட்டையைத் தள்ளிக்கொண்டே மறு கையால் போனை எடுத்தாள்.

"யாரு?"

"குரல்கூடவா மறந்துபோச்சு? தவ்ஹீதா பேசறேன்."

கவ்ஸர் எழுந்து உட்கார்ந்தாள். ஏழு வருஷமாக அந்தக் குரல் போனில் வந்ததில்லை. கனவில் வந்திருக்கிறது.

"சொல்லுங்க ஹஜ்ஜா."

"ஹஜ்ஜாவா? அம்மான்னு கூப்பிட்ட வாய்தானே அது?"

"அந்த வாய்க்கு விவாகரத்து ஆயிடுச்சு. என்ன விஷயம்?"

விஷயம் இதுதான். ஹஜ்ஜா தவ்ஹீதாவின் கடைசி மகன் ராமிக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. பெண்ணின் தாய் மதாம் இனாஸ் வீடு பார்க்க வந்தாள். கை கழுவ வேண்டும் என்று குளியலறைக்குப் போனாள். சம்பந்தி வீட்டில் எந்தத் தாயும் முதலில் கேட்பது அதைத்தான். கை எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். திரும்பி வரும்போது கைக்குட்டை மூக்கில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தன் மகள் இதே வீட்டில்தான் இருக்கப் போகிறாள் என்றால், முதலில் அந்த அறையை உடைத்துக் கட்ட வேண்டும், அதுவும் ஸ்முஹாவில் தன் அக்கா வீட்டுக்குச் செய்து கொடுக்கும் அந்தக் கவ்ஸர்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

"நீ யாருன்னு அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்," என்றாள் ஹஜ்ஜா. "பாத்தியா, எங்க சுத்தினாலும் கடைசியில என் பாத்ரூமை நீதான் கழுவணும்னு இருக்கு."

"வரேன் ஹஜ்ஜா," என்றாள் கவ்ஸர். குரலில் தேன் வழிந்தது.

டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி, உஸ்தா பய்யூமி, சுவரோரம் நின்று இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். "யாரும்மா?"

"என் பழைய மாமியார்."

"என்னவாம்?"

"பாத்ரூமை உடைக்கணுமாம்."

பய்யூமி தாடையைச் சொறிந்தார். "பாத்ரூமை மட்டும்தானே?"

கவ்ஸர் மறுபடி தரையோடு குனிந்தாள். துடைக்கும் கட்டையை உள்ளே தள்ளிப் பார்த்தாள்.

*

சீதி பிஷ்ரில், கடலுக்கு இரண்டு தெரு பின்னால், அந்தக் கட்டடத்தின் முதல் மாடிக்குத்தான் கவ்ஸர் மணப்பெண்ணாகப் போனாள். கணவன் சமீர், மாமியார் தவ்ஹீதா, நாத்தனார் நிஹால், சின்னவன் ராமி. எல்லோருக்கும் ஒரே குளியலறை. அதைத் துலக்கும் வேலை ஒரே ஆளுக்கு.

அந்த அறை அழுக்குக்கென்றே கட்டியது போல இருக்கும். குட்டிக் குட்டி டைல்ஸ், நடுவில் நூற்றுக்கணக்கான இடுக்கு, கடல் காற்றின் ஈரத்தில் ஒவ்வொரு இடுக்கும் கறுக்கும். குளியல் தொட்டியைச் சுற்றிச் செங்கல் வைத்துப் பெட்டி கட்டியிருந்தார்கள். அதன் பின்னால் என்ன குடியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கம்மோடின் பின்புறத்துக்குக் கை போகாது. கை போகாத அந்த இடத்தில்தான் ஹஜ்ஜா தினமும் ஈர்க்குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி இழுத்துப் பார்ப்பாள். துணியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வருவாள். விருந்தாளி இருந்தால் இன்னும் உயரத் தூக்கிக்கொண்டு வருவாள்.

கவ்ஸருக்கு அது ஐந்தாம் மாதம். நிஹாலைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று மதியமே குளியலறையைக் கழுவினாள். சோப்புப் போக மூன்று வாளி தண்ணீர் விட்டாள். ரப்பர் வைப்பரால் கடைசிச் சொட்டு வரை வடிகால் மேலிருந்த ஜாலிக்குள் தள்ளினாள். வைப்பரைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். துண்டை மறந்துவிட்டோமே என்று திரும்பி வந்து, நிலைப்படியைத் தாண்டிக் காலை வைத்தாள்.

தரை முழுக்க நுரை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வயிறு காலியாகத் திரும்பியபோது, செய்தி அவளுக்கு முன்னால் ஐந்து மாடியும் ஏறியிருந்தது. ஏறிய வழி மன்வர். கட்டடத்தின் நடுவே அடியிலிருந்து மொட்டைமாடி வரை போகும் வெளிச்சக் குழி அது. எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும். முதல் மாடியில் தும்மினால் ஐந்தாவது மாடியில் ஆயுசு சொல்வார்கள். ஹஜ்ஜா அன்று ஜன்னலை விரியத் திறந்து வைத்து அழுதாள். "சோப்பைக் கழுவி விடக்கூடத் துப்பில்லாத சோம்பேறி. என் பேரப்புள்ளையை அவளே வழுக்கி விழுந்து கொன்னுட்டா." மூன்றாவது மாடி உம்மு ஹிஷாம் அதை வாங்கிக்கொண்டாள். உம்மு ஹிஷாம் வாங்கினால் மீன் சந்தை வரை போய்ச் சேரும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கவ்ஸர் படியிறங்கிய நாளில், கதவுகள் அவள் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. சமீர் சமையலறையில் தேநீர்க் கோப்பையோடு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், அம்மாவை நம்புகிறான் என்று அன்று அவனுக்காகவும் சேர்த்து அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் கற்றுக்கொண்டது ஒரே தொழில். சின்ன வீட்டுக்கு, பெரிய குடும்பத்துக்கு, தேநீர் கொதிக்கும் நேரத்தில் கழுவி முடிக்கக்கூடிய குளியலறை. ஸ்முஹாவிலும் ருஷ்தியிலும் பெண்கள் அவள் பேரைச் சொல்லிச் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் பழைய கதையும் பின்னாலேயே ட்ராம் ஏறி வந்தது. போன மாதம்கூட லோரானில் ஒருத்தி அளவெடுத்த பிறகு போன் செய்தாள்: "தப்பா நினைக்காதே கவ்ஸர். உன் சொந்த பாத்ரூம்ல நடந்ததைக் கேள்விப்பட்டேன். என் மருமகளும் முழுகாம இருக்கா."

கவ்ஸருக்கு வேண்டியது ஒன்றுதான். சோப்பை ஊற்றியது யார் என்பதைத் தவ்ஹீதாவின் வாயே சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்துப் பெண்கள் அதைத் தங்கள் காதால் கேட்க வேண்டும்.

*

ஹஜ்ஜா கதவைத் திறந்தாள். முழங்கால் இரண்டிலும் துணிப் பட்டி. கவ்ஸர் போன பிறகு எந்த மருமகளும் வரவில்லை. கழுவுகிற வேலை ஹஜ்ஜாவின் முழங்காலுக்கே திரும்பி வந்திருந்தது.

"இளைச்சுட்டே," என்றாள் ஹஜ்ஜா.

"நீங்க இளைக்கலை," என்றாள் கவ்ஸர்.

ஹஜ்ஜா அவள் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் இழுத்தாள். கதவைச் சாத்தினாள். ஜன்னல் கண்ணாடியை இழுத்துக் கொக்கி மாட்டினாள். வாஷ்பேசின் குழாயைக் கடைசித் திருகு வரை திறந்தாள். தண்ணீர் பித்தளைத் தொண்டையிலிருந்து இரைந்து கொட்டித் தெறித்தது. பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மதாம் இனாஸோட சித்தி மக ஸுஹா நாலாவது மாடியில இருக்கா. இந்தச் சம்பந்தமே அவ கொண்டுவந்தது. போன வருஷம்தான் குடிவந்தா, பழசு எதுவும் தெரியாது. அவ கண்ணுல படாம வந்துட்டுப் போ. யாராவது கேட்டா வேலைக்கு வந்த பொண்ணுன்னு சொல்லு."

இரைச்சலில் கவ்ஸருக்குப் பாதிதான் கேட்டது. பாதிதான் கேட்டது என்பது அவளுக்குள் ஏதோ ஒரு கதவைத் தட்டியது. அவள் கண் ஜன்னல் கொக்கிக்குப் போனது. பிறகு குழாய்க்கு. அந்த வீட்டில் ரகசியம் பேசுவது எப்போதும் இந்த அறையில், எப்போதும் இந்த இரண்டையும் செய்துவிட்டுத்தான்.

"அப்படியே சொல்றேன் ஹஜ்ஜா," என்றவள் அளவு நாடாவை உருவினாள். "முதல்ல இந்தத் தொட்டியும் பெட்டியும் போகணும்."

"தொட்டியா? தொட்டி இல்லாத பாத்ரூம் அனாதை மாதிரி இருக்குமேடீ."

"யாரு குளிக்கறா அதுல? பூண்டு மூட்டைதானே வெச்சிருக்கீங்க." தொட்டிக்குள் நிஜமாகவே மூட்டை இருந்தது. "தொட்டியை எடுத்துட்டா, தரை முழுக்க ஒரே வாட்டமா இழுத்துடுவேன். கதவுலேர்ந்து எதிர்ச் சுவர் வரைக்கும். அங்க சுவரோரமா நீளமா ஒரு வடிகால். தண்ணி தேங்க இடமே இருக்காது. கம்மோடு, பேசின் எல்லாம் சுவர்ல தொங்கும், தரையில கால் ஊணாது. டைல்ஸ் ஒவ்வொண்ணும் உங்க சாப்பாட்டு மேஜை அளவு. இடுக்கே நாலஞ்சுதான் வரும், அதுக்கும் கறுக்காத பசை. தரையும் சுவரும் சேர்ற மூலையை வளைச்சு விட்டுடுவேன்."

"என் முழங்கால்?"

"இனிமே மண்டி போட வேண்டியதில்லை. நின்ன வாக்குல ஒரு இழுப்பு."

ஹஜ்ஜாவின் முகம் அவளை மீறி மலர்ந்தது. பிறகு சுருங்கியது. "குழாய்?"

"இது தெறிக்குது பாருங்க. தெறிச்ச இடமெல்லாம் சுண்ணாம்புக் கறை. நுரை மாதிரி விழற குழாய் போடறேன்."

"ஜன்னல்?"

கவ்ஸர் நாடாவைச் சுருட்டினாள். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள். "ஈரம் காயணும்னா காத்து வேணும். கண்ணாடியை எடுத்துட்டு அலுமினியப் பட்டை போடறேன், கீழ்ப்பக்கமா சாய்ச்சு. மேலேர்ந்தோ எதிர்லேர்ந்தோ யாரும் ஒண்ணும் பார்க்க முடியாது."

"சத்தியமா?"

"கைக்குழந்தை மேல சத்தியமா பார்க்க முடியாது."

அவளுக்குக் கைக்குழந்தை இல்லை. ஹஜ்ஜா அதைக் கவனிக்கவில்லை. "பார்க்க முடியாதுன்னா சரி," என்றாள்.

*

உடைக்கிற வேலையைப் பய்யூமி ஆரம்பித்தார். தொட்டிப் பெட்டியின் முதல் செங்கல் விழுந்ததும் ஹஜ்ஜா மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். கவ்ஸர் மட்டும் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். கறுத்த சேறு, ஒரு சீப்பு, ராமி சின்ன வயதில் தொலைத்த பிளாஸ்டிக் கப்பல். வேறு ஒன்றும் இல்லை. என்ன எதிர்பார்த்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கறுத்துப்போன பழைய டைல்ஸ் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"ஞாபகத்துக்கா?" என்றார் பய்யூமி.

"பரிசு கொடுக்க."

அந்த அறையைக் கவ்ஸர் தன் வாழ்க்கையிலேயே மிகச் சிறப்பாகக் கட்டினாள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அரங்கத்துக்கு மேடை கட்டுகிறவன் மரத்தில் குறை வைப்பானா? சோப்பு வைக்கும் மாடத்தின் அடித்தளத்தைக்கூட முன்பக்கம் சாய்த்தாள், சொட்டு நிற்கக் கூடாது என்று. துணித் திரை இருந்த இடத்தில் ஒரே கண்ணாடிப் பலகை. விரிப்பு, கூடை, மர அலமாரி என்று ஈரம் குடிக்கிற எதுவும் இல்லை. ஒரு விரல் அகலத்துக்குக்கூட எங்கும் மறைவான இடம் இல்லை.

கடைசி டைல்ஸைத் தட்டிவிட்டுப் பய்யூமி தொண்டையைக் கனைத்தார். சத்தம் சுவரில் மோதி, கண்ணாடியில் மோதி, பட்டைகள் வழியே மன்வருக்குள் போய், எங்கோ மேலே ஒரு புறாவை எழுப்பியது.

அவர் மெதுவாகத் திரும்பினார். "இது பானைக்குள்ள பேசற மாதிரி இருக்கும்மா. துணி இல்லை, மரம் இல்லை, அந்தப் பட்டைக்கு மூடி இல்லை. இங்க முணுமுணுத்தா மேல வரைக்கும் கேட்கும்."

"நல்லா காயும்," என்றாள் கவ்ஸர்.

"நான் கேட்டது அது இல்லை."

"நான் சொன்னதும் அது இல்லை, உஸ்தா. சாமானைக் கட்டுங்க."

*

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கவ்ஸர் ஒவ்வொரு மாடியாக ஏறினாள். கதவைத் தட்டினாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் சாத்திய அதே கதவுகள்.

புது வடிகால் போட்டால் ஊரெல்லாம் செய்கிற சோதனைதான். எல்லா வீட்டுக் கழிவும் ஒரே செங்குத்துக் குழாயில் இறங்குகிறது. கீழே இணைப்புத் தப்பாக இருந்தால் மேல் வீட்டு ஜாலியில் குபுகுபு என்று காற்றடித்து நாறும். அதனால் சோதனை நேரத்தில் யாரும் தண்ணீர் திறக்கக் கூடாது. அவரவர் குளியலறையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் ஜாலியைக் கவனிக்க வேண்டும்.

"பேசக்கூடாதா?" என்றாள் மூன்றாவது மாடி உம்மு ஹிஷாம். அவளுக்கு அது நோன்பை விடக் கஷ்டம்.

"மூச்சு விடலாம்."

உம்மு ஹிஷாம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னைத் திரும்ப இந்த வீட்டுக்குள்ள விட்டிருக்காளே தவ்ஹீதா. பெரிய மனசுதான். நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும் உம்மு ஹிஷாம். சோதனைக்கு உங்க வீட்டுலதான் நிக்கப்போறேன். உங்க பாத்ரூம்தான் நடுவுல இருக்கு."

பிறகு கீழே இறங்கினாள். ஹஜ்ஜா புதுக் குளியலறை வாசலில் நின்று, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வழுக்கைத் தலை போல அறை மின்னியது.

"மாஷா அல்லாஹ். இனாஸ் வாயை மூடிக்குவா," என்றாள். "ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கே நீ இவ்வளவு சுத்தமா இருந்திருந்தா இப்பவும் இந்த வீட்டுலதான் இருந்திருப்பே."

கவ்ஸர் அதை விழுங்கினாள். பைக்குள் கையை விட்டுச் செய்தித்தாள் பொட்டலத்தைப் பாதி வெளியே எடுத்து, யோசித்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்லை ஹஜ்ஜா. பெட்டியை உடைச்சப்ப தொட்டிக்கு அடியில கிடைச்சுது. சமீர் கல்யாணத்துக்குக் குவைத்லேர்ந்து வராராமே? வியாழக்கிழமையா? அவர்கிட்டயே கொடுத்துடறேன். அவருக்குத் தெரியணும் இல்லையா."

"என்ன தெரியணும்?"

"அன்னிக்கு இங்க என்ன நடந்துச்சுன்னு." கவ்ஸர் பையைத் தோளில் மாட்டினாள். "வடிகாலைப் பார்க்க மேல போறேன். கொஞ்ச நேரம் ஆகும். நீங்க ஆசைதீரக் குழாயைத் திறந்து பாருங்க. நீங்க மட்டும்தான் திறக்கலாம்."

படியேறும்போது பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வீட்டுக் கதவு இல்லை. குளியலறைக் கதவு.

*

உம்மு ஹிஷாமின் குளியலறையில் அவளும், அவள் மகளும், ஐந்தாவது மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தியும் ஜாலியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள், கிணற்றில் விழுந்த தோட்டைத் தேடுகிறவர்கள் போல. கவ்ஸர் வாஷ்பேசின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் தலைக்கு மேலே ஜன்னல் திறந்திருந்தது.

மன்வருக்குள் ஒரு டயல் சத்தம் எழுந்தது. ஹஜ்ஜாவுக்குக் காது மந்தம். போனை ரொட்டித் துண்டு போல வாய்க்கு எதிரே பிடித்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"நிஹால்? கதவைச் சாத்திட்டேன். குழாயையும் திறந்துட்டேன். சத்தமாப் பேசு."

குழாய் நுரை நுரையாக, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மேலே அதன் ஒலி வரவே இல்லை. குரல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் துல்லியமாக வந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"அந்தக் கழுதை தொட்டிக்கடியில எதையோ எடுத்திருக்கா. பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கா. சமீருக்குக் காட்டப் போறாளாம். அந்த நீலக் கேனா இருக்குமாடீ?"

"எந்தக் கேன்?"

"எந்தக் கேனா? அன்னிக்கு நான் சோப்பு ஊத்தின கேன். அதுக்கப்புறம் அதைக் காணலையே."

உம்மு ஹிஷாமின் கை தன் வாய்க்குப் போனது. மகள் எழுந்திருக்கப் பார்த்தாள். உம்மு ஹிஷாம் அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

"மெதுவாம்மா."

"எதுக்கு மெதுவா? குழாய் ஓடுது."

"நான் அப்பவே சொன்னேன்," என்றது நிஹாலின் குரல். "அவ கழுவித் தள்ளிட்டுப் போன தரையில ஏம்மா திரும்ப ஊத்தறேன்னு. கேட்டியா?"

"உன்னைப் பார்க்க வர்றவங்க உள்ள போய் அந்த நுரையைப் பார்க்கட்டும், இவ லட்சணம் ஊருக்குத் தெரியட்டும்னு ஊத்தினேன். அவ விழுவான்னா ஊத்தினேன்? புள்ளை போகும்னு நான் என்ன கனவா கண்டேன்? போனதுக்கப்புறம் நான்தான் ஊத்தினேன்னு சொல்ல முடியுமா? அவளைச் சொல்லாம யாரைச் சொல்றது?"

நாலாவது மாடியில் ஏதோ பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது.

கவ்ஸர் கண்ணை மூடினாள். முடிந்தது. போட்ட அளவு ஒரு நூல் பிசகவில்லை.

"பயப்படாதேம்மா," என்றாள் நிஹால். "அந்தக் கேன் அங்க இருக்கவே முடியாது. சமீர்தான் அதை எடுத்துட்டுப் போய்க் கடல்ல போட்டுட்டு வந்தான். நீ ஆஸ்பத்திரியில இருந்தே."

"சமீரா? அவனுக்குத் தெரியுமா?"

"நீ ஊத்தினதை அவன் வாசல்ல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தான். அம்மா மானம் போயிடும், வாயைத் திறக்காதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான்."

இது அளவில் இல்லாதது. வாசலில் நின்று பார்த்தான். அவள் துண்டு எடுக்கத் திரும்பி வந்ததையும் பார்த்திருப்பான். ஒரு வார்த்தை. 'நில்லு' என்று ஒரே ஒரு வார்த்தை. போனில் அவன் எண்ணை அவள் இன்னும் அழிக்காமல் வைத்திருந்தாள். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தெரிந்திருக்காது. போனை எடுத்தாள். அழித்தாள். மறுபடி பைக்குள் போட்டாள்.

உம்மு ஹிஷாம் எழுந்தாள். முழங்கால் சொடக்கியது. கவ்ஸரின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலுக்குப் போய்த் தலையை வெளியே நீட்டினாள்.

"ஹஜ்ஜா," என்று கூப்பிட்டாள்.

கீழே பேச்சு அறுந்தது.

"ஜாலியில சத்தம் ஒண்ணும் வரலை ஹஜ்ஜா. உங்க சத்தம்தான் நல்லா வருது."

"இங்கயும் வருது," என்றது இரண்டாவது மாடி.

நாலாவது மாடியிலிருந்து ஸுஹாவின் குரல் நிதானமாக இறங்கியது. "எனக்கும் எல்லாம் கேட்டுது தவ்ஹீதா ஆன்ட்டி. இனாஸ்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க சிரமப்பட வேண்டாம்."

"அம்மா?" என்றது போன், குழியின் அடியிலிருந்து. "யாரும்மா அது? அம்மா?"

*

கவ்ஸர் உள்ளே போனபோது ஹஜ்ஜா கம்மோடின் மூடிமேல் ஏறி நின்று, ஜன்னல் பட்டைகளில் கொக்கியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தாள். முழங்கால் பட்டி அவிழ்ந்து தொங்கியது. குழாய் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது.

"இறங்குங்க ஹஜ்ஜா. விழுந்துடப் போறீங்க."

"இதை எப்படி மூடறது?"

"மூட முடியாது."

"ஒரு பலகையாவது அடி. துணியாவது தொங்கவிடு." குரலை இரகசியமாகத் தாழ்த்தினாள். அது மன்வர் முழுக்க இரகசியமாகக் கேட்டது.

"அடைச்சா ஈரம் காயாது," என்றாள் கவ்ஸர். "காயலைன்னா ஒரே குளிர்காலத்துல கறுத்துடும். அப்புறம் வேற யார் வீடு பார்க்க வந்தாலும் மூக்குல கைக்குட்டைதான். உங்க இஷ்டம்."

கையைக் கொடுத்து அவளை இறக்கிவிட்டாள். பொட்டலத்தைப் பிரித்து அந்தப் பழைய டைல்ஸ் துண்டைப் பேசின் ஓரத்தில் வைத்தாள். இடுக்கெல்லாம் மையிட்டது போலக் கறுப்பு.

ஹஜ்ஜா அதைப் பார்த்தாள். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் இருந்துச்சு. மீதியை நீங்களே எடுத்துக் கொடுத்தீங்க."

"கவ்ஸர். நானும் அந்தப் புள்ளைக்காக அழுதேன்டீ."

"கேட்டேன் ஹஜ்ஜா. ஜன்னலைத் திறந்து வெச்சு அழுதீங்க."

சுவரில் சாய்ந்திருந்த புது வைப்பரை எடுத்து ஹஜ்ஜாவின் கையில் கொடுத்து, அவள் விரல்களைக் கைப்பிடியைச் சுற்றி மூடினாள். "கதவுலேர்ந்து சுவருக்கு. ஒரே இழுப்பு. இதுக்கு மருமக தேவையில்லை."

வெளியே வந்தாள். படிக்கட்டில் எல்லாக் கதவும் திறந்திருந்தன. பெண்கள் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அந்தக் கண்ணீரை வாங்கி வைக்க அவளிடம் இடமில்லை. உம்மு ஹிஷாம் மூச்சிரைக்க மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சுடு பொண்ணே. நாளைக்கே மீன் சந்தையில நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"தெரியும் உம்மு ஹிஷாம். உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

"என் பாத்ரூமும் கறுத்துத்தான் கிடக்கு. வந்து அளவெடேன். என்ன கேட்டாலும் கொடுக்கறேன்."

"எடுக்கறேனே," என்றாள் கவ்ஸர். படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி, அன்பாகச் சொன்னாள். "யாருக்கு வேணும்னாலும் செஞ்சு கொடுக்கறேன். அதே டைல்ஸ், அதே குழாய், மூடி இல்லாத அதே ஜன்னல். அந்த ஜன்னல் இல்லாம நான் பாத்ரூம் கட்டறதில்லை."

உம்மு ஹிஷாமின் பிடி தளர்ந்தது. மேல் படியில் ஒருத்தி இருமினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவரவர் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசியது எல்லாம் அவரவர் முகத்தில் ஒரு தடவை ஓடி மறைந்தது.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றுவிட்டுக் கவ்ஸர் இறங்கினாள்.

தெருக் கதவை அடைவதற்குள், பின்னால் மன்வருக்குள் அது ஆரம்பித்தது. இரண்டாவது மாடியில் ஒரு கண்ணாடி இழுபட்டுக் கொக்கி விழுந்தது. பிறகு ஐந்தாவது. பிறகு நாலாவது. கடைசியாக, தயங்கித் தயங்கி, மூன்றாவது. முதல் மாடியில் மட்டும் மூடுவதற்கு ஒன்றும் இல்லை. அங்கிருந்து வைப்பரின் ரப்பர் புதுத் தரையில் இழுபடும் சத்தம் மட்டும் தெருவரை தெளிவாகக் கேட்டது.